செப்டம்பரில் பிறந்தவர்கள்

சிறை, இரண்டாம் பிளாக்
ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் சிரிப்பாய். சாப்பாடு இறங்குகிறது, தூக்கம்தான் வருவதில்லை. முழங்காலுக்கு நீ கொடுத்த தைலத்தை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், தட்டாதே. உன் வார இதழில் நீ எழுதும் 'இந்த மாதம் பிறந்த பிரபலங்கள்' பக்கத்தில், செப்டம்பர் வந்தால் என் படமும் வரும். தேசிய அணியின் கோல்கீப்பர், ரசிகர்களுக்குச் 'சுவர்'. இந்த வருஷம் என்னை விட்டுவிடாதே. என் மகள் அந்தப் பக்கத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டுகிறவள். அதுவும் போனால், குடித்துவிட்டுக் கார் ஓட்டியவன் மட்டும்தான் அவளுக்கு அப்பா. அந்த விபத்து ஒரு நாள் சமாச்சாரம், அக்கா. நான் பந்து பிடித்தது இருபது வருஷம்.

உன் தம்பி

ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

உன் மகளுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள்.

இதழின் ஆசிரியர் உன்னை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடத்தான் சொன்னார். "செஞ்சதுக்கு ஜெயில்ல இருக்கான். பொறந்ததுக்குமா தண்டனை?" என்று மல்லுக்கு நின்றேன். அரைமனதாகத் தலையாட்டினார். நிம்மதியாக இரு.

ஆனால் கோர்ட்டிலும் 'அந்த விபத்து' என்றாய், இப்போதும் அதையே எழுதுகிறாய். உன் கார் மோதிச் செத்தவள், வேலை முடிந்து ரோட்டைக் கடந்த ஒரு பஸ் கண்டக்டர். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. உன் வாயால் அதை நான் இன்னும் கேட்கவில்லை.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்றில் பால் வார்த்தாய். பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்களுக்கு முடிவெட்டுகிறவர், "நம்ம கூட ஒரு பிரபலம் இருக்காருப்பா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அளக்கிறார்.

பெயரைச் சொன்னால் உயிர் வந்துவிடுமா? அந்தப் பேச்சை விடு.

தம்பி

ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

பக்கம் அச்சுக்குப் போக இருந்த அன்று, அந்தப் பெண்ணின் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். கண்டக்டர் சீருடையில் இருக்கிறாள்.

"நீங்க அவரோட அக்கான்னு தெரியும்மா, கோர்ட்ல பாத்திருக்கேன். எம் பொண்ணும் செப்டம்பர்தான். வருஷா வருஷம் உங்க பக்கத்தை வாங்கிடுவா. சுவர் எங்க மாசம்ப்பான்னு பெருமை அடிச்சுக்குவா. இந்த ஒரு தடவை அவ படத்தையும் போடுவீங்களா? அவ ஒண்ணும் பிரபலம் இல்லதான்."

உன்னைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பக்கத்தில் பத்துப் படத்துக்குத்தான் இடம். உன்னை எடுத்துவிட்டேன். ஆசிரியர் சொல்லவில்லை, நானாகவே செய்தேன். இந்த வருஷம் அப்பா படம் வராது என்று மட்டும் உன் மகளிடம் சொல்லியிருக்கிறேன். என்னைத் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

செப்டம்பர் 6

அக்கா,

பத்திரிகை வந்தது. நீ எழுதியதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை; நூலகத்தில் எல்லோரும் என் படத்தைப் பார்க்கச் சூழ்ந்து நிற்க, முடிவெட்டுகிறவர்தான் புரட்டினார். நான் இல்லை. உன்மேல் வந்த ஆத்திரத்தை எழுதத் தாள் போதாது.

"யாருண்ணே இந்தப் பொண்ணு? என்ன சாதிச்சாங்க?" என்று கேட்டார். படத்தின் கீழே பெயரும் பிறந்த தேதியும், பேருந்து நடத்துநர் என்றும் மட்டும் போட்டிருந்தாய். என் பிறந்தநாளுக்கு மறுநாள்.

"நான் கொன்னவங்க" என்றேன். பிறகு அவள் பெயரைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். கூட்டம் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு இங்கே யாரும் என்னைச் சுவர் என்று கூப்பிடுவதில்லை.

இந்த மாதம் வராதே. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அடுத்த மாதம் வா, மகளையும் கூட்டி வா. அந்தப் பக்கத்தை அவளிடம் கொடு, கதவில் ஒட்டிக்கொள்ளட்டும். இது யார் என்று கேட்பாள். நீ சொல்லாதே. நான்தான் சொல்ல வேண்டும்.

தம்பி