லயத்து மேட்டுக் கான்

ஐந்தாம் லயம், மேற்பிரிவு,
தெமோதரை.
13.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். போனில் நான் பேச ஆரம்பித்தாலே "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் முதலாண்டு நினைவு அட்டைகள் வந்து சேர்ந்தன. நல்ல தாள். படமும் தெளிவு. கீழே 'ஓய்வுபெற்ற கங்காணி அமரர் இராசையா' என்று போட்டிருக்கிறாய். அப்பா எப்போது கங்காணியானார்? முப்பத்தொரு வருஷம் தேயிலை மலையில் கான் வெட்டினார். மழைத்தண்ணீர் மலை மண்ணை இழுத்துப் போகாமல் வாய்க்கால் வெட்டுகிற வேலை. வேலை வாங்குகிற கங்காணிமார் குடையோடு மேலே நிற்க, அவர் முழங்கால் சேற்றில் நின்றார். அந்தக் கூலியில்தான் நீ பதுளைக்குப் படிக்கப் போனாய்.

பக்கத்து வீட்டு இராக்கம்மா அக்கா, "செத்த பொறகாவது ஒங்கப்பனுக்குப் புரமோசன் கெடச்சிச்சே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றை உருவிவிட்டு மீதி அட்டைகளைக் கட்டோடு அப்படியே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே ஓடுகிற கானைத் தோட்ட நிர்வாகம் கைவிட்டு எட்டு வருஷம். "ஒங்க லயத்துக்குத்தான, நீங்களே பாத்துக்கங்க" என்றார் தோட்டத் துரை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்பா தனியாக ஏறினார். அவர் போன ஒரு வருஷத்தில் அது தூர்ந்துவிட்டது. வியாழக்கிழமை மழைக்குத் தண்ணீர் பின்சுவர் வழியாகக் குசினிக்குள் அடுப்புவரை வந்தது. ஆறு குடும்பம் அந்த மேட்டுக்குக் கீழே படுக்கிறோம்.

அட்டையைத் திருத்து. நினைவு நாளுக்கு ஒரு நாள் முன்னால் வா, சேர்ந்து வெட்டுவோம்.

தங்கை,
சிவசக்தி

*

வெள்ளவத்தை, கொழும்பு,
22.10.2024

அன்புத் தங்கைக்கு,

எனக்குப் பெண் பேசும்போது அப்பா கங்காணி என்று நான் சொன்னது தப்புத்தான். ஆனால் அப்பாவுக்கும் அது தெரியும். கல்யாண மண்டபத்தில் உன் அண்ணி நிலுக்ஷியின் அப்பா, "தோட்டத்துல என்னவா இருந்தீங்க?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அப்பா, "கங்காணிங்க" என்றார். அதற்குப் பிறகு சாப்பாடு வரும்வரை இரண்டு கைகளையும் சால்வைக்குள்ளேயே வைத்திருந்தார். நீ அதைப் பார்க்கவில்லை. நான் தினமும் பார்க்கிறேன்.

தோட்டத்தான் என்று தெரிந்தாலே இங்கே பேசுகிற குரல் மாறிவிடும். உனக்கு அது புரியாது.

நவம்பர் 17ஆம் திகதி நினைவு நாளுக்கு என் மாமனார் மாமியாரோடு வேனில் வருகிறோம். அன்று மட்டும் பேசாமல் இரு. கானுக்கு யாரையாவது கூலிக்குப் பிடி.

அண்ணன்,
புவனேந்திரன்

*

தெமோதரை,
18.11.2024

அண்ணா,

கூலிக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? இளவட்டமெல்லாம் கொழும்புக் கடைகளில் நிற்கிறது. நானும் இராக்கம்மா அக்காவும் இன்னும் நாலு பெண்களும் மூன்று ஞாயிறு ஏறினோம். பாதிதான் முடிந்தது.

அப்பா மம்பட்டிப் பிடியைக் கானுக்குள் ஊன்றித்தான் ஆழம் பார்ப்பார். பிடியில் அதற்கு ஒரு வெட்டு இருக்கிறது. அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வெட்டு. அம்மாவிடம் கேட்டேன். "அது ஒங்கண்ணனுக்கு. பத்து வயசுல கூடப் போவான். புள்ள இம்புட்டு வெட்டுனாப் போதும்னு போட்டு வச்சாரு" என்றாள்.

நேற்று அட்டைகளை நீயே பிரித்துக் கொடுத்தாய். லயத்துச் சனம் வாங்கிப் படித்துவிட்டு மடியில் செருகிக்கொண்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறப்பதென்றுதான் இருந்தேன். உன் மாமனார் என்னிடம், "அப்பாக்குக் கீழ எத்தன பேர் வேல செஞ்சாங்க?" என்று கேட்டார். நீ தட்டைப் பார்த்தாய். அம்மா என்னைப் பார்த்தாள்.

"முப்பது பேர் இருக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். கொப்புளம் உடைந்த என் கைகள் இரண்டும் சேலைத் தலைப்புக்குள் இருந்தன.

இரண்டு மணிக்கு மழை இருட்டியதும் உங்கள் வேன் கிளம்பிவிட்டது. அம்மா எச்சில் தட்டுகளைக்கூடக் கழுவவில்லை. "மம்பட்டிய எடு" என்றாள். இருட்டும்வரை வெட்டினோம். நேற்று ராத்திரி மழைக்குத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அடுத்த மழையைச் சொல்ல முடியாது.

உனக்காக அப்பா ஒரு தடவை பொய் சொன்னார், நான் ஒரு தடவை. இனி யாரும் சொல்ல மாட்டோம்.

பதில் எழுதாதே. வருகிற ஞாயிறு தனியாக வா. சின்ன வெட்டு வரைக்கும் நீ வெட்டினால் போதும்.

சிவசக்தி