என் மோட்டாரும் உன் காதும்

இன்று காலை கொட்டாரம் சந்தையில் ஒரு மிட்டாய்க்கடைக்காரன், சாயங்காலத்துக்கு வேண்டும் என்று கேஸ் விளக்கைக் கீழே இறக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். விளக்கு சீறியது, ஒரு கணம் வெளுத்தது, உடனே சிவந்து அணைந்தது. அவன் ஊசியை விட்டுக் குத்திக்கொண்டே இருந்தான். "குத்தாத மக்கா, முதல்ல எண்ணெய் அங்க வருதான்னு பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது என் பேச்சு இல்லை, உன்னுடையது. நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்தும் என் வாயில் வந்து உட்கார்ந்து பேசுகிறாய். எரிச்சலாக இருந்தது. கருப்பட்டி விலை கேட்கப் போனவன் கேட்காமலே திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

செத்துப்போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதாகத்தான் எழுதுவார்கள். எனக்கு அது வராது. நீ உயிரோடு இருந்தபோது உன்மேல் எனக்குப் பொறாமை. இப்போதும் அது குறைந்தபாடில்லை.

அருமனைப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் துரை தன் சீமைக்குத் திரும்பும்போது, வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற அந்த மோட்டாரை நான் பேரம் பேசி வாங்கினேன். தலைச்சுமையாகக் கருப்பட்டி விற்று நடந்தவனுக்கு அது சின்னக் காரியமில்லை. எங்கள் படகுத்துறைக் கடவில் இருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கழுக்கோல் ஊன்றிப் போகிற வள்ளக்காரர்களை எல்லாம் தாண்டி நான் சரக்கோடு பறப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாம் நாளே நடு ஆற்றில் மோட்டார் நின்றது. கயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்து உள்ளங்கை கன்றிப்போயிற்று. பின்னால் வந்த வள்ளக்காரன், "அண்ணாச்சி, மோட்டாரு ஒறங்குதா? தாலாட்டு வேணும்னா நான் பாடட்டா?" என்றான். அவன் வள்ளத்தோடுதான் என் வள்ளத்தைக் கட்டி இழுத்துக் கொண்டுவந்தார்கள்.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. உனக்கும் எனக்கும் ஒரே வயது. நான் கருப்பட்டி சுமந்த காலத்தில் நீ கேஸ் விளக்குச் சுமந்தாய். பிறகு சொந்தமாக விளக்குகள் வாங்கிக் கல்யாண வீடுகளுக்கும் வேதக்கோவில் பண்டிகைகளுக்கும் வாடகைக்குக் கொடுத்தாய். மோட்டார் எதையும் நீ அதுவரை தொட்டதில்லை. வந்தாய், சுற்றிப் பார்த்தாய், குந்தி உட்கார்ந்தாய்.

"ஏலே, இதும் விளக்குதானே. எண்ணெய் வேணும், காத்து வேணும், தீ வேணும். மூணுல ஒண்ணு பிணங்கியாச்சு. எதுன்னு பாத்தா தீந்துது."

பிளக்கைக் கழற்றினாய். காய்ந்திருந்தது. அப்படியானால் எண்ணெய் வந்து சேரவில்லை என்றாய். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதில் கிடந்ததை உள்ளங்கையில் ஊற்றி ஆற்றுக் காற்றில் நீட்டினாய். பெட்ரோல் பறந்துபோயிற்று. நடுவில் இரண்டு துளித் தண்ணீர் மட்டும் உருண்டு நின்றது.

"வெள்ளமாக்கும். டின்ன மழையில வச்சியா?"

"நான் வைக்கேல்ல" என்றேன். நான்தான் வைத்தேன். சுற்றி நின்ற வள்ளக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், உன்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பொறாமை அன்று தொடங்கியது.

பிறகு ஒவ்வொன்றாக நீ கண்டுபிடித்தாய். ஒருமுறை கார்புரேட்டர் நிற்காமல் வழிந்தது. உள்ளே கிடக்கும் கார்க்கு மிதவை எண்ணெய் குடித்துக் கனத்துப்போனதாகச் சொல்லி, அதை வெயிலில் காயவைத்து, விளக்கு ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் பூசினாய். இன்னொரு முறை, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "குழாய்ல தூசி இருக்கு, வளைவு திரும்புமுன்ன நிக்கும்" என்றாய். வளைவுக்கு முன்னால் நின்றது. நான் அதே மோட்டாருக்கு ஒரு கை தூரத்தில் தினமும் உட்கார்ந்திருக்கிறவன். எனக்குக் கேட்டது வெறும் சத்தம்.

அதோடு போகவில்லை. தேங்காய்ப்பட்டணம் போகிற ஆட்கள் கடவில் வந்து நின்று, ஏறுவதற்கு முன்னால், "விளக்குக்காரரு வந்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நீ பின்னால் உட்கார்ந்தால்தான் ஏறினார்கள். மோட்டார் என்னுடையது, வள்ளம் என்னுடையது. ஆனால் நான் அதில் ஒரு பயணி.

அதனால்தான் அதைச் செய்தேன். டாங்கி மூடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று புகுவதற்கு அதுதான் வழி. உட்பக்கமாக அதில் தேன்மெழுகை வைத்து அழுத்தினேன். சரக்கு இல்லாத நாளாகப் பார்த்துத்தான் செய்தேன், வியாபாரி அல்லவா. ஊரார் முன்னால் ஒரே ஒரு தடவை நீ கையை விரிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

கடவு கண்ணில் இருக்கும்போதே மோட்டார் நின்றது. நீ மூடியைத் திறந்து பார்த்தாய், பெட்ரோல் நிறைய இருந்தது. திரும்ப மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தாய், ஓடியது. திறந்ததில் காற்றுப் புகுந்திருக்கும் அல்லவா. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் ஊற்றினாய், தண்ணீர் இல்லை. பிளக்கைப் பார்த்தாய், குழாயை ஊதிப் பார்த்தாய். நாலு தடவை நின்றது. வள்ளத்தில் இருந்த மீன்காரி, "என்ன விளக்குக்காரரே, இன்னைக்குத் திரி கருகிப்போச்சா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

ஐந்தாவது தடவை நீ மூடியைச் சட்டென்று திறக்கவில்லை. காதை அதன்மேல் வைத்துக்கொண்டு பையத் திருகினாய். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது, எனக்கே கேட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். மடியில் இருந்த விளக்கு ஊசியை எடுத்து மெழுகைத் தோண்டி, உருட்டி, ஆற்றில் போட்டாய்.

"உப்புக் காத்துல்லா, துவாரத்தில அழுக்கு அடைச்சிருக்கு. எனக்க தப்பாக்கும், முதல்லயே பாத்திருக்கணும்" என்று அவர்களிடம் சொன்னாய்.

நானாக இருந்தால் அந்த மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு நாலு சந்தையில் சொல்லியிருப்பேன். அந்தப் பெருந்தன்மையிலும் நீ என்னை முந்திவிட்டாய். கரை இறங்கும்போது, "இனி உனக்கே எல்லாம் தெரியும் மக்கா. தேவைன்னா ஆளனுப்பு" என்றாய். நான் ஆளனுப்பவில்லை. நீயும் வரவில்லை.

அதன் பிறகு என் மோட்டாரை நானே பார்த்தேன். பிளக்கு நனைந்திருந்தால் ஒரு வழி, காய்ந்திருந்தால் வேறு வழி, உள்ளங்கையில் ஊற்றிப் பார்ப்பது, மிதவைக்கு அரக்கு பூசுவது, எல்லாம் கைவந்தது. கடவில் உன்னை விசாரிப்பதும் நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய். மோட்டார் மட்டும் கொஞ்சம் புகைந்தது, இடையிடையே கமறியது. பழைய மோட்டார் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நீ நெஞ்சு நோவில் படுத்தது தெரியும். ஆற்றங்கரை மேட்டில் உன் வீட்டைத் தினமும் தாண்டிப் போனேன். இறங்கவில்லை. மெழுகைப் பற்றி நீ கேட்டுவிடுவாயோ என்று பயம்.

உன் அடக்கத்துக்கு வந்தேன். யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நீ விளக்குத் தூக்கினாயோ அவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், சிதறால் மலையடிவாரத்தில் இருந்துகூட. எனக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா என்று அங்கே நின்று நினைத்தேன். பார், என் புத்தியை.

ஒரு வாரம் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "தங்கச்சி, அவன் என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லேல்ல அண்ணாச்சி. மோட்டாரப் பத்தித்தான் பேச்சு. நீங்க இந்தப் பக்கம் போகும்போ பாயில கிடந்தே காது குடுப்பாரு. 'எண்ணெ கூடுதல் குடிக்கு. கார்புரேட்டர் ஊசியக் கால் திருகு மூடினா போதும், பாட்டுப் போல ஓடும்'ம்பாரு. தெனமும் இதுதான். நான் போய்ச் சொல்லட்டான்னு கேப்பேன். 'வேண்டாம்ட்டி, அவனே கண்டுபிடிச்சாத்தான் அவனுக்குச் சந்தோசம், கெடுத்துப்போடாத'ம்பாரு."

அங்கிருந்து நேரே கடவுக்குப் போனேன். மோட்டாரை ஓடவிட்டு ஊசியைக் கால் திருகு மூடினேன். புகை மெலிந்தது. கமறல் நின்றது. வள்ளத்தின் மூக்கு மேலே எழும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்காதது, சுவருக்கு அப்பால், பாயில், இருமலுக்கு நடுவே உனக்குக் கேட்டிருக்கிறது. அழ வேண்டிய நேரம். எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். மற்றது வீடு வந்து சேர்ந்த பிறகு.

அந்த ஊசியை அதன் பிறகு நான் தொட்டதில்லை. ஆனால் உன் வீட்டு மேட்டைத் தாண்டும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு கோளாறு என் காதில் விழுந்துவிட வேண்டும்.