முந்திக்கொண்ட நன்றி

அன்புள்ள அம்மாவுக்கு, இலாய்தியா வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா கடலுக்குப் போகிறாரா? நான் நலம். நம் தீவு போலில்லை, இந்த நாட்டில் ஒரே மழை. ரக்பி லீக் பருவம் முடிந்துவிட்டது.

கடைசி ஆட்டத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்படாதீர்கள். ஜெயித்தால்தான் எங்கள் கிளப் முதல் பிரிவில் நீடிக்கும். கடைசி நிமிடத்தில் பந்தோடு ஓடினேன், எதிரே யாருமில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியதும், நீங்கள் சொல்லியனுப்பியபடி, கர்த்தருக்கு நன்றியாக ஒரு கையை உயர்த்தினேன். கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால்தான் புள்ளி; ஊன்றும் முன்பே உயர்த்திவிட்டேன். ஈரப் பந்து மற்றக் கையிலிருந்து நழுவிப் போனது. புள்ளி இல்லை. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டோம்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உடுப்பு துவைக்கும் டோரீன் அம்மா மட்டும், "கண்ணு, இனிமே முதல்ல பந்தைக் கீழ வை. ஆண்டவர் எங்கயும் ஓடிட மாட்டாரு" என்றார். பஸ் டிரைவரோ என்னைக் கண்டாலே கையைத் தூக்கி, "என்னப்பா, மேலேருந்து பதில் வந்துச்சா?" என்கிறார். நான் இப்போதெல்லாம் நடந்தேதான் போகிறேன், கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு. குளிரில் பாதம் வெடித்திருக்கிறது. நீங்கள் காய்ச்சும் தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல் அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ச் சபையில் அந்த ஆட்டத்தைத் திரையில் காட்டப்போவதாகப் போதகர் செய்தி அனுப்பியிருக்கிறார். முதல் பாதியோடு கரண்ட் போய்விட்டால் நல்லது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது அப்பாதானே?

உங்கள் மகன்,
இலாய்தியா