கரை கரையாக

போர்ட்பிளேர்
18 பிப்ரவரி 1946

மரியாதைக்குரிய அண்ணி, சபீரா பாபிக்கு முக்தார் அகமது ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ்வின் அருளால் சுகமாக வந்து சேர்ந்தேன். கப்பலில் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள், நானும் எடுத்தேன். அதை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

சத்தார் பாய்ஜான் வேலை பார்த்த மர அறுப்பு ஆலை பாதி இடிந்து கிடக்கிறது. பழைய ஆட்களில் ஒரு காவல்காரர்தான் மிச்சம். பெயர் சொன்னதும் நினைவு வைத்திருந்தார். "சத்தார் மேஸ்திரியா? சண்டை முடியறதுக்குக் கொஞ்சம் முன்னால, தீவுல பயிர் வைக்கலாம்னு சொல்லி ஜப்பான்காரன் ஆளுங்கள படகுல ஏத்திகினு போனான். அதுல அவரும் போனாரு" என்றார். எந்தத் தீவு என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் போன ஆகஸ்ட் வரை பாய்ஜான் உயிரோடு இருந்திருக்கிறார், பாபி. இத்தனை வருஷமாக ஒரு வரிகூட வரவில்லையே என்று நாம் கலங்கியபோதெல்லாம் அவர் இந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

தீவுகளைச் சுற்றி, எங்கே படகு ஒதுங்கலாம், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று பார்த்துவர ஒரு சர்க்கார் லாஞ்சு புறப்படுகிறது. இன்ஜின் பார்க்க ஆள் தேடினார்கள். அரக்கோணத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸோடு மல்லுக்கட்டியவனுக்கு இது பெரிதில்லை. சேர்ந்துவிட்டேன்.

பாஷா மாமா நம் நிக்காஹ் பற்றிப் பேசியபோது பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். வருத்தம் வேண்டாம். அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் அவர் மனைவியை நான் எப்படி நிக்காஹ் செய்துகொள்வது? முதலில் உண்மை தெரியட்டும்.

இப்படிக்கு
முக்தார்


திருத்தணி
27 மார்ச் 1946

தம்பி முக்தாருக்கு பாபி சபீரா துஆ சொல்லி எழுதியது.

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆகஸ்ட் வரை இருந்தார் என்ற இடத்தில் "நிறுத்து, திரும்பப் படி" என்றார்கள். திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை. துக்கமா சந்தோஷமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே அரிசிக் கடையில் ரேஷனுக்கு வரிசை குறைந்தபாடில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து என் வாப்பா லுங்கிக் கட்டு அனுப்புகிறார். ஓரம் தைத்துக் கொடுக்கிறேன். பொழுது போகிறது.

பாஷா மாமா வந்தால் சும்மா போவதில்லை. "இன்னாம்மா, எத்தினி நாளு இப்பிடியே ஒக்காந்துகினு இருப்பே? காஜியாரே சம்மதம் சொல்லிட்டாரு. அந்தப் பையன் இன்னாடான்னா தீவு தீவா சுத்திகினு கெடக்கறான்" என்கிறார். நான் உள்ளே போய்விடுகிறேன்.

நிக்காஹில் கட்டிய கருகமணியை நான் கழற்றவில்லை. வளையலும் இருக்கிறது. எதை வைத்துக் கழற்றுவது?

உனக்கு நீச்சல் தெரியாதே தம்பி. நந்தியாற்றில் முழங்கால் தண்ணீருக்கே பயந்தவன் நீ. இந்த வீட்டிலிருந்து ஒருவரைக் கடலுக்குக் கொடுத்தது போதும். ஜாக்கிரதையாக இரு.

உன் பாபி
சபீரா


லாஞ்சிலிருந்து
2 மே 1946

மரியாதைக்குரிய பாபிக்கு,

ஸலாம். நீங்கள் பயந்த விஷயத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். நீச்சல் கற்றுக்கொண்டேன்.

வேறு வழியில்லை. தீவுகளைச் சுற்றிப் பவழப்பாறை வேலி போட்டதுபோல் இருக்கிறது. லாஞ்சு கிட்டே போனால் அடி கிழியும். சின்னப் படகும் பல இடங்களில் பாறையில் முட்டும். அங்கே குதித்துத்தான் கரை ஏற வேண்டும். எங்களோடு பங்காரு என்று ஒரு மீனவர் இருக்கிறார், விசாகப்பட்டினத்துப் பக்கம். எனக்குத் தெலுங்கு புரிவதில் அவருக்கு சந்தோஷம். "தண்ணியோட சண்ட போடாதே நைனா, அது மேல படுத்துக்க" என்று தெலுங்கில் சொல்லிச் சொல்லியே மிதக்க வைத்தார். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆறு மாதிரி இல்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், இந்தக் குடாக்கள் அத்தனை அழகு. வெளியே கடல் கறுத்துக் கிடக்கும். பாறையைத் தாண்டி உள்ளே நுழைந்தால் தண்ணீர் வெளிறி, அடி மணலில் இருக்கும் வரிகூடத் தெரியும். கரையில் மாவு சலித்துக் கொட்டியதுபோல மணல். ஒரு காலடி இருக்காது. ஆள் இல்லாத அழகைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது, பாபி.

கரை ஏறியதும் பாய்ஜான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். காட்டிலிருந்து புறாக்கள் எழும்பும். அப்புறம் தேடுவேன். அடுப்பு மூட்டிய கல், வெட்டிய தேங்காய் மட்டை, துணி, எலும்பு. எங்களோடு வரும் சர்க்கார் துரை குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். நான் இன்னொரு தரம் சுற்றி வந்துதான் படகேறுவேன். "பாத்த எடத்தையே ஏன் பாக்கறே?" என்று பங்காரு கேட்டார். அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் மனத்தை நானே நம்பவில்லை, அது எதைக் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறதோ தெரியாது. அதனால்தான் பார்த்த கரையை மறுபடியும் பார்க்கிறேன்.

மழைக்காலம் தொடங்குகிறது. லாஞ்சைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். அது முடிந்ததும் வடக்கே போவோம்.

முக்தார்


திருத்தணி
30 ஜூலை 1946

தம்பி முக்தாருக்கு,

துஆ. கிருத்திகைக் கூட்டம் இப்போதுதான் இறங்கிப் போனது. நம் கடையில் இருந்த பெட்ரோமாக்ஸ் எல்லாம் வாடகைக்குப் போய்விட்டன. காவடிக்காரர்கள் விடிய விடிய மலை ஏறினார்கள். நீ இருந்தால் மேண்டில் மாற்றக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். பாஷா மாமா தனியாகத் திண்டாடினார்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. என் குரலைக் கேட்டு "சத்தார் வந்தானா?" என்கிறார்கள். சில நாள் "முக்தார் வந்தானா?" என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரு வரியை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. எந்த வரி என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி நானும் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் கண்ணால் தேடாதே. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாமல் ரயிலடியில் அவரை அனுப்பிவைத்துவிட்டு நின்றேனே, அந்தக் கண்ணால் தேடு. அப்படித் தேடிவிட்டு நீ என்ன சொன்னாலும் நம்புவேன்.

நோன்பு வருகிறது. தனியாக இருப்பவன் உடம்பை வருத்திக்கொள்ளாதே.

உன் பாபி
சபீரா


போர்ட்பிளேர்
9 டிசம்பர் 1946

பாபி அவர்களுக்கு,

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பாஷா மாமாவும் இருக்கட்டும்.

பாய்ஜான் இல்லை. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன்.

வடக்கே ஒரு தீவில் தென்னந்தோப்புக் காவலுக்கு ஒருவர் இருந்தார். வேலூர்க்காரர், பெயர் பச்சையப்பன். தண்ணீர் எடுக்க ஒதுங்கினோம். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவரே ஓடிவந்தார். நான் திருத்தணி என்றேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "மேஸ்திரிக்கு நீ இன்னா ஆவணும்?" என்றார். பாய்ஜான் சாயல் எனக்கு உண்டு என்று சொல்வீர்களே.

ஜப்பான்காரன் ஏற்றிப்போன அந்தப் படகில் பச்சையப்பனும் இருந்திருக்கிறார். தீவுக்கு எட்டத்திலேயே எல்லோரையும் கடலில் தள்ளிவிட்டார்கள். நீந்தத் தெரியாதவர்கள் அங்கேயே போய்விட்டார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேஸ்திரி என் சட்டையப் புடிச்சி இழுத்துகினு வந்து கரையில போட்டாரு. மறுபடியும் தண்ணில எறங்கினாரு. இன்னொருத்தர இட்டாந்தாரு. மறுபடியும் போனாரு. யாரும் கெடைக்கல. கரையில திங்க ஒண்ணும் இல்ல தம்பி. கிளிஞ்சல், தழ, அவ்ளோதான். அந்த இன்னொருத்தரு போயிட்டாரு. அப்பறம் மேஸ்திரிக்கு ஜொரம் வந்துது. எந்திரிக்கவே இல்ல. அவரு போன பின்னாலதான் எங்கள இட்டுகினு போக படகு வந்துது. நானு ஒருத்தன்தான் ஏறினேன்."

உங்களைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "திருத்தணி மலையண்ட வூடுன்னு சொன்னாரு. பசியில யாரு இன்னா பேசறது? தண்ணியப் பத்திதான் பேசிகினு இருந்தோம்" என்றார். பாபி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எழுதியிருப்பேன். இல்லாததை எழுத எனக்குக் கை வரவில்லை.

பச்சையப்பனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனோம். சின்னக் குடா. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் அமைதியான தண்ணீர். நான் முன்பே ஒருமுறை லாஞ்சிலிருந்து பார்த்த இடம்; இறங்க வழியில்லை என்று துரை விட்டுவிட்டார். நீந்திப் போய்க் கரை ஏறினேன். பங்காரு பச்சையப்பனைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தி வந்தார். புன்னை மரத்தடியில் கல் அடுக்கி வைத்திருந்தது. "ஒங்கள்ல எப்பிடிப் பொதைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. அவரு தொழறப்ப எந்தப் பக்கம் பாப்பாருன்னு தெரியும். அந்தப் பக்கமா மொகத்த வெச்சேன்" என்றார் பச்சையப்பன். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சரியாகத்தான் வைத்திருந்தார்.

தொழுதேன். பங்காருவும் பச்சையப்பனும் பின்னால் கைகட்டி நின்றார்கள்.

நீங்கள் சொன்ன கண்ணால்தான் தேடினேன். அந்தக் கண்ணாலேயே அழுதேன்.

மாமா பழைய பேச்சை எடுத்தால் வேண்டாம் என்று நானே சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். இப்படிக் கண்டுபிடித்து வந்து, அதற்குக் கூலி கேட்பதுபோல் உங்கள் முன்னால் நிற்க என்னால் முடியாது. இங்கேயே வேலை நிரந்தரமாகும் போலிருக்கிறது. அம்மாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்தார் அகமது


திருத்தணி
14 மே 1947

பிஸ்மில்லாஹ்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தாள்களைக் கிழித்துப் போட்டேன். அதனால் முறை எதுவும் போடாமல் ஆரம்பிக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. இத்தா இருந்தேன், நாலு மாதம் பத்து நாள், வாசல் தாண்டாமல். மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு, அது எப்போதோ கழிந்துவிட்டது என்றார் காஜியார். எனக்கு அது பொருந்தவில்லை. அவர் போனது தெரியாமல் பூ வைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது கணக்காகுமா? செய்தி வந்த அன்று கருகமணியைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அம்மாவும் என்னோடு உட்கார்ந்தார்கள். இப்போது முடிந்து ஒரு வாரம் ஆகிறது.

பாஷா மாமா ஒரு பேச்சும் எடுக்கவில்லை. நீங்கள் எழுதியதைக் கேட்ட பிறகு அவர் குரலே இறங்கிவிட்டது. "பையன் நல்லவன்தான்மா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே இது யாரும் சொல்லி எழுதுவதல்ல.

கூலி என்று எழுதினீர்கள். அந்தச் சொல் எனக்கு வலித்தது. ஒரு வார்த்தை அவர் பேரில் நீங்களே எழுதிச் சேர்த்திருந்தால் நான் நம்பியிருப்பேன், ஆயுசுக்கும் அதை வைத்து அழுதுகொண்டிருப்பேன். நீங்கள் எழுதவில்லை. அன்றைக்குத்தான் உங்களை எனக்குத் தெரிந்தது.

அந்தக் கரையை நான் பார்க்க வேண்டும். மற்ற எதுவும் அதற்கு அப்புறம். அம்மாவும் வருவேன் என்கிறார்கள். கண் தெரியாவிட்டால் என்ன, மகன் கிடக்கும் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறேன் என்கிறார்கள். மழை முடிந்ததும் மெட்ராஸிலிருந்து கப்பல் உண்டாமே. நீங்கள் வந்து எங்களை அழைத்துப் போக வேண்டும். இறங்க வழியில்லாத குடா என்று எழுதியிருந்தீர்கள். பங்காரு அண்ணனிடம் சொல்லி ஒரு சின்னப் படகுக்கு வழி பண்ணுங்கள். முடியாவிட்டால் பாறைவரை வருகிறோம். அங்கிருந்தே பாத்திஹா ஓதுகிறோம்.

சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். வெயிலில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
சபீரா