ஐயாவின் முகச் சிவப்பு

4 பெப்ரவரி 2025, செவ்வாய்

இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தபோது ஸ்ட்ரெதமிலிருந்து செல்வமலர் அக்கா போன் எடுத்தா. ஞாயிற்றுக்கிழமை அவவின் அப்பாவுக்கு முப்பத்தோராம் நாள். வந்தவர்களுக்குக் கொடுத்த நினைவு மலர் நான் வடிவமைத்தது. நன்றி சொல்லத்தான் எடுக்கிறா என்று நினைத்து, அடுப்பைக் குறைத்துவிட்டு, ஆறுதலாகக் கதிரையில் இருந்து கேட்டேன். விசரி நான்.

“துசியந்தி, எங்கட ஐயா தன்ர சீவியத்திலை ஒரு சொட்டுத் தொடாத மனுசன். கலியாண வீட்டிலையும் மோர்தான் கேப்பார். நீர் அவரைக் குடிகாரன் மாதிரி அடிச்சு வைச்சிருக்கிறீர். வந்த சனம் அட்டையைப் பாக்குது, பிறகு என்ர முகத்தைப் பாக்குது. ஒருதர் வாய்விட்டே கேட்டுப்போட்டார், ஐயாவுக்குக் கடைசிக் காலத்திலை பழக்கம் ஏதும் இருந்ததோ எண்டு.”

மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்ய? முந்நூறு வீட்டிலை அந்தப் படம் கிடக்கு” என்றா. அழுதுகொண்டுதான் வைத்தா. அதற்கிடையில் சட்டியில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்துவிட்டது.

மலரைக் குசினி யன்னலடியில் பிடித்துப் பார்த்தேன். உண்மைதான். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் சிவப்பு. நான் அனுப்பும்போது இப்படி இருக்கவில்லையே! என் அறைக்குக் கொண்டுபோய் கணினிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே அவ்வளவு சிவப்பாகத் தெரியவில்லை. திரும்பக் குசினிக்கு வந்தேன். சிவப்பு.

என்ன இது?

5 பெப்ரவரி, புதன்

அச்சகத்து ராம்கிக்கு எடுத்தேன். மதுரைக்காரர். பணிவாகத்தான் பேசுவார், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

“மேடம், நான் மெஷினைச் செக் பண்ணிட்டேன். அதே நாள் அடிச்ச மத்த வேலையெல்லாம் கரெக்டா இருக்கு. நீங்க அனுப்புன ஃபைல்லயே சிவப்பு தூக்கலா இருக்குது. ஆமா, நானே கேக்கலாம்னு நினைச்சேன். நீங்க பெரிய டிசைனர், வேணும்னுதான் வச்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

எனக்குக் கொதி வந்தது. “என்ர கொம்பியூட்டர் பழசு, அதுதான் பிழை காட்டுது” என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டது.

அந்தப் படம் என்னிடம் வந்தபோது ஐயா வெளிறிப்போய், பச்சை பூத்த மாதிரி இருந்தார். கொஞ்சம் உயிர் கொடுப்போம் என்றுதான் சிவப்பைக் கூட்டினேன். ஒரு பின்னேரம் முழுவதும் அந்த முகத்தோடு இருந்தேன்.

6 பெப்ரவரி, வியாழன்

எழுதிவிடுகிறேன். வீட்டில் இவரிடமும் சொல்லாதது.

அம்மாவுக்கு நீரிழிவு, சீனி வருத்தம். அதில்தான் கண் போனது. போவதற்கு முதல் நிறம்தான் போனது. பச்சைச் சேலையை எடுத்து நீலம் என்பா, நாங்கள் சிரிப்போம். எனக்குப் போன வருடம் டொக்டர், சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொன்னவர். அதன்பிறகு கண்ணைக் காட்டப் போகவில்லை.

கண் இல்லாமல் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு தொழில் தெரியாது.

இல்லை. கணினிதான். ஒன்பது வருடப் பழசு.

8 பெப்ரவரி, சனி

புதுக் கணினி வாங்கப்போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், இவருடைய தம்பி சயந்தன் ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்து இறங்கிவிட்டான். ஐடி வேலை. எங்கள் குடும்பத்தில் யார் கணினி வாங்கினாலும் அவனைக் கேட்காமல் வாங்குவது, ஐயரைக் கேட்காமல் நாள் வைத்த மாதிரி.

“அண்ணி, நான் பார்ட்ஸ் வாங்கிப் பூட்டித் தாறன். கிராபிக்ஸ் கார்ட் பெரிசாப் போடுவம். கண்ணாடிப் பெட்டி, உள்ளுக்கை ஏழு கலரிலை லைட் ஓடும்.”

“எனக்கு ஏன் லைட்? நான் செத்தவீட்டுக்கும் சேர்த்து வேலை செய்யிற ஆள்.”

“நூர்க்கவும் ஏலும் அண்ணி!”

அணைக்கத்தான் வேண்டுமென்றால் எதற்குப் பூட்டுவான்? படத்தைக் காட்டினான். கலியாண மண்டப வாசல் மாதிரி இருந்தது. பெடியள் கேம் விளையாடுகிற பெட்டி அது. நான் யோசிக்கிறேன் என்று சொல்லி, நண்டுக் கறியோடு சோறு போட்டு அனுப்பினேன்.

13 பெப்ரவரி, வியாழன்

நான் திருத்திய ஐயாவின் படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ரொம்ஃபோர்ட் பக்கம் இருக்கும் பெரிய கடைக்குப் போனேன். விற்பனைப் பெடியன் முகத்தைச் சுழித்தாலும் விட்டான். அப்பிள், விண்டோஸ், பெரிது, சிறிது — பார்வைக்கு வைத்திருந்த ஏழு திரைகளில் ஐயாவைத் திறந்தேன்.

ஏழிலும் சிவப்பு!

சிவப்பு என்று எனக்குத் தெரிகிறது! என் கண்ணுக்கே தெரிகிறது. அப்படியென்றால் கண் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுத் திரைதான் பொய் சொல்கிறது. கடை நடுவில் நின்று சிரித்தேன். பெடியன் ஒரு அடி தள்ளி நின்றான்.

வரும் வழியில் ஒரு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். பத்து நாளுக்குப் பிறகு வாயில் ருசி தெரிந்தது.

15 பெப்ரவரி, சனி

அனோஜினி முன்பு என்னோடு ஒரே அச்சகத்தில் வேலை செய்தவள். இப்போது ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் இருக்கிறாள். அப்பிளா விண்டோஸா என்று கேட்டேன். அவள் வைத்திருப்பது அப்பிள். அதைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

“அக்கா, உங்களுக்குக் கைபழகினது எதுவோ அதையே வாங்குங்கோ. பன்னிரண்டு வருசத்துப் பழைய பாமினி ஃபொன்ட் ஃபைல் எல்லாம் வைச்சிருக்கிறியள், மாறினா அதுகளோடை மல்லுக்கட்டோணும். மெசின் நடுத்தரம் காணும். காசைத் திரையிலை போடுங்கோ. மூளை கொஞ்சம் மந்தமெண்டாலும் சமாளிக்கலாம், கண் பிழைச்சா ஒண்டும் செய்யேலாது.”

என் கண் பயம் அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் சொன்னது சரி. முடிவு: விண்டோஸ் மடிக்கணினி ஒன்று, நினைவகம் முப்பத்திரண்டு ஜிபி; தனியாக, நிறம் சரியாகக் காட்டும் இருபத்தேழு அங்குலத் திரை.

22 பெப்ரவரி, சனி

வாங்கியாயிற்று. கடை ஒன்பதுக்குத் திறந்தது. ராகுகாலம் பத்தரை வரை. இவர் காரை விட்டு இறங்க விடவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கார் தரிப்பிடத்தில் இருந்து தேர்மஸ் தேத்தண்ணி குடித்தோம். “ஒன்பது வருசம் பொறுத்தனீர், ஒண்டரை மணித்தியாலம் பொறுக்க மாட்டீரோ?” என்றார்.

திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பழைய இடத்திலேயே, பிள்ளையாருக்குக் கீழே வைத்தோம். போன வருடம் சரஸ்வதி பூசைக்கு இவர் வாங்கி வந்த பிள்ளையார் அது. சுற்றிவரச் சிவப்பு லைட். என் தொழில் நன்றாக நடக்க வேண்டும் என்று மேசைக்கு நேரே மேலே பூட்டினார். அன்றிலிருந்து இரவு பகலாக எரிகிறது. அந்தச் சின்ன அறைக்கு அந்த வெளிச்சமே காணும். பெரிய லைட் போட்டால் எனக்குக் கண் கூசும்.

சாமி, இனி எல்லாம் சரியாகட்டும்.

26 பெப்ரவரி, புதன்

அடுத்த வேலை, வாடிக்கையாளர் ரோஹித் தம்பியின் கலியாண அட்டை. மாப்பிள்ளை, பொம்பிளை படத்தோடு. புதுத் திரையிலும் முகங்கள் கொஞ்சம் வெளிறித்தான் தெரிந்தன. அளவாகத் திருத்தி, மாதிரிப் பிரதி அடிக்க ராம்கிக்கு அனுப்பினேன்.

4 மார்ச், செவ்வாய்

மாதிரி வந்தது. வாசலிலேயே பிரித்தேன்.

சிவப்பு.

5 மார்ச், புதன்

ஐயோ, மெசின் இல்லை. புது மெசின், புதுத் திரை, எல்லாம் புதுசு. அப்ப பிழை ஆர்? நான்தான். என்ர கண்தான். கடையிலை தெரிஞ்சது எப்பிடி? அது சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாதாக்கும். அம்மாவுக்கும் அப்பிடித்தானே, ஒரு நாள் சரியாச் சொல்லுவா, அடுத்த நாள் பிழைக்கும். நாங்கள் சிரிச்சனாங்கள். பாவி, நானும் சிரிச்சனான்.

6 மார்ச், வியாழன்

இவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன், இவ்வளவு பெரிய செலவு வைத்துவிட்டு இப்போது கண் என்கிறாளே என்று. அவர் கேட்டது வேறு: “ஒரு மாசமா இதைத் தனியவோ வைச்சுக்கொண்டு இருந்தனீர்?”

அந்த ஒரு கேள்வி போதும். குலுங்கிக் குலுங்கி அழுதேன். திங்களுக்குக் கண் பார்க்க அவரே நேரம் எடுத்தார். தன் ஷிப்டையும் மாற்றிக்கொண்டார்.

10 மார்ச், திங்கள்

நன்றாக இருக்கிறது!

கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். சீனியின் சேதம் ஒன்றும் இல்லையாம். பிறகு ஒரு புத்தகம். பக்கம் பக்கமாக நிறப் பொட்டுகள், அதற்குள் ஒளிந்திருக்கும் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். எழுபத்துநான்கு, ஆறு, நாற்பத்தைந்து என்று கடகடவென்று சொன்னேன். ஒன்றும் தவறவில்லை. கண் பரிசோதித்த பிள்ளை, நிறத்தில் உங்கள் கண் என் கண்ணைவிடக் கூர்மை என்றாள். வாசிக்கிற கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டுமாம். நூறு கண்ணாடி மாற்றுகிறேன் அம்மா.

வெளியே இவர் காருக்குள் கண்ணை மூடித் திருநீற்றுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். கண்ணாடியில் தட்டிக் கட்டை விரலைக் காட்டினேன். “நான் அப்பவே சொன்னனான்” என்றார். ஒன்றும் சொல்லவே இல்லை மனுசன்!

இரவுச் சாப்பாட்டுக்குக் கொத்துரொட்டி. பிறகுதான் யோசித்தேன்: கண்ணும் சரி, கணினியும் சரி என்றால் சிவப்பு எங்கேயிருந்து வருகிறது?

15 மார்ச், சனி

அனோஜினி வந்தாள். திரையின் நிறத்தை அளக்கும் கருவி ஒன்றை வேலையிடத்தில் இரவல் வாங்கி வந்திருந்தாள். அதைத் திறக்கவே தேவைப்படவில்லை. அறை வாசலில் நின்றுவிட்டாள்.

“அக்கா... இதுக்குள்ளையோ நீங்கள் வேலை செய்யிறனீங்கள்?”

“ஓம். ஏன்?”

“ஒரே சிவப்பாக் கிடக்கு!”

“எங்கை சிவப்பு?”

காலையிலிருந்து அந்த அறையிலேயே வேலை செய்த எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அவள் என்னை இழுத்துக்கொண்டுபோய் வெளியே தோட்டத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பக் கூட்டிவந்தாள். கதவைத் திறந்ததும் — கடவுளே. சுவர் சிவப்பு, மேசை சிவப்பு, என் கை சிவப்பு. நடுவில் பிள்ளையார் சிரித்துக்கொண்டு இருக்கிறார்.

சிவப்பு வெளிச்சத்தில் இருந்து பழகினால் கண் அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளுமாம். பிறகு திரையில் இருக்கும் சரியான முகம் வெளிறிப் பச்சையாகத் தெரியும். நான் சிவப்பைக் கூட்டுவேன். இருந்து எண்ணிப் பார்த்தேன். ஒக்டோபரில் விளக்கு வந்த பிறகு நான் செய்தது மூன்று கடை விளம்பரம். தேங்காயும் தக்காளியும் சிவந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? முகம் என்று செய்தது ஐயாவும் ரோஹித் தம்பியும்தான்.

தொழில் விளங்க வேண்டும் என்று வைத்த விளக்கு!

அடுத்த பிரச்சினை, யார் நூர்ப்பது? சாமி விளக்கு. அனோஜினி தான் கை வைக்க மாட்டாளாம். நானும் மாட்டேன். இவர் வந்து விசயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பிள்ளையாரையே பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. “நான் நல்லதுக்கெண்டுதான்...” என்றார்.

“அது எனக்குத் தெரியாதோ?” என்றேன். “நூர்க்க வேண்டாம். முன் ஹோலுக்குக் கொண்டுபோவம். அங்கை எல்லாரையும் பாத்துக்கொள்ளுவார்.”

கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கழற்றினோம். இவர் வெளியே போய் வெள்ளை பல்ப் வாங்கிவந்து பூட்டினார். ஐயாவின் பழைய படத்தை, நான் கை வைக்காததை, திறந்தேன். வெளிறவும் இல்லை, பச்சையும் இல்லை. நல்ல மாநிறம், தெளிந்த முகம். மனுசன் முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறார். உயிர் கொடுக்க நான் யார்?

கூடம் உண்மையாகவே கோணல்தான்! ராம்கிக்கு எடுத்துச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். “பிள்ளையார் மேலயே பழியைப் போட்டுட்டீங்களே மேடம்!” அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

20 மார்ச், வியாழன்

ரோஹித் தம்பியின் இரண்டாவது மாதிரி. பொம்பிளை கொள்ளை வடிவு.

5 ஏப்ரல், சனி

ஐயாவின் படத்தைப் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, மலர் முழுவதையும் திரும்ப அடித்து இரண்டு பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ட்ரெதம் போனோம். போன் எடுத்தால் வர வேண்டாம் என்பா, சொல்லாமலே போனோம்.

செல்வமலர் அக்கா கதவைத் திறந்தா. வாங்கோ என்று சொல்லவில்லை. சட்டத்தை நீட்டினேன். வாசலிலேயே நின்று பார்த்தா. கனநேரம் பார்த்தா. விளக்குக் கதையை வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனவள் நான். அதைத் தொடங்காமல் பெட்டிகளை வாசலடியில் இறக்கி வைத்தேன்.

பிறகு உள்ளே போய், ஹோலில் மாலை போட்டிருந்த படத்தைக் கழற்றினா. என்னுடைய சிவப்பு முகம்தான். அட்டையிலிருந்து வெட்டிப் போட்டிருந்தா, கடைசியாக எடுத்த படம் அச்சில் வேறு இல்லையாம். புதியதை மாட்டி, அதே மாலையைப் போட்டா.

“செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை வாங்கோ. மோர் இருக்கு” என்றா.

2 ஒக்டோபர், வியாழன், விஜயதசமி

நேற்றுப் பூசைக்கு, போன வருடம் மாதிரி, சாமியைக் கணினியிடம் கொண்டுவரவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் ஹோலில் பிள்ளையாருக்கு முன் வைத்தோம். மடிக்கணினி வாங்கியது எவ்வளவு நல்லது என்று நேற்றுத்தான் முழுதாக விளங்கியது. சயந்தனின் கண்ணாடிப் பெட்டியை யார் தூக்குவது?

இன்று காலை எடுத்துவந்து, அதன் நெற்றிப் பொட்டைத் துடைக்காமல், யன்னல் திரையை விலக்கிவிட்டு முதல் வேலையைத் தொடங்கினேன். செல்வமலர் அக்கா நேரத்தோடே சொல்லிவிட்டா, திதிப்படி டிசம்பரில் ஐயாவின் முதலாண்டு ஆட்டைத் திவசம், அட்டை என்னிடம்தானாம்.

படத்தைத் திறந்து வைத்தேன். நிறத்தில் கை வைக்கவில்லை.