முட்டைக்கு எந்தப் பெட்ரோல்

மார்ச் 3, செவ்வாய்

மதியம் பல் செட் செய்யும் லேபில் ஒரு கடைவாய்ப் பல்லை அரைத்துக்கொண்டிருக்கும்போது தங்கை போன் செய்தாள். “அக்கா, தலை வந்துடுச்சு!” நானும் சந்தோஷத்தில் கத்திவிட்டேன்: “வெட்டுனது சரியா இருக்கா? எவ்வளவு சீவியிருக்காங்க?” பல் செட் வாங்க வந்திருந்த பெரியவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்ஜினுடைய தலை ஐயா, கார் இன்ஜின் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முட்டை இனி பழைய முட்டை இல்லை. (வெள்ளை நிறம், உருண்டை வடிவம், வேறென்ன பெயர் வைப்பது?) இரண்டு பேரும் சேர்ந்து வாங்கி, நான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக் கொடுத்த கார். ரேஸில் அவள் ஓட்டுவாள், நான் இன்ஜினைப் பார்த்துக்கொள்வேன். தலையைச் சீவியதால் இன்ஜின் பெட்ரோலை முன்பைவிட இறுக்கிப் பிழியும். அதனால் வேகம் கூடும். ஆனால் சாதாரண பெட்ரோல் அந்த இறுக்கத்தைத் தாங்காது. தானாகவே வெடித்து உள்ளே தட்டும். தட்டினால் பிஸ்டன் போச்சு. தாங்க வேண்டுமென்றால் ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் வேண்டும்.

போன வருஷ ரேஸில் எங்களோடு ஓடிய நீலக் காருக்கு இப்படித்தான் பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. நேர்ப்பாதையின் கோடியில் இன்ஜின் இறுகி, கார் சுழன்று சுவரில் மோதியது. ஓட்டியவர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அதை நினைத்துக்கொண்டே இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அதில் உப்பு இருந்ததா இல்லையா, தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில் சோதனை. ஞாயிறு அங்கே ஈ காக்கை இருக்காது. பங்கில் கிடைப்பதிலேயே உயர்ந்த பெட்ரோல். செப்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கி இன்ஜினில் முடுக்கி, மறுமுனையை ரப்பர் டியூப் வழியாகக் காதுமூடிக்குள் கொண்டுவந்திருக்கிறேன். தங்கை மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்பேன்.

பாதி ஏற்றத்திலேயே கேட்டுவிட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல். “விடு, விடு, காலை எடு!” என்று அலறினேன். ஆக, பங்குப் பெட்ரோல் ஆகாது.

மார்ச் 10, செவ்வாய்

ரேஸ் பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று ஏழு பேரைக் கேட்டாகிவிட்டது. ஏழு பேரும் ஏழு மாதிரி. டப்பாவில் வரும் மருந்தை ஊற்று என்கிறார் ஒருவர். அவருடைய கார் ஓடி நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 14, சனி

ரேஸ் பெட்ரோலைப் பீப்பாயில் விற்கும் ஒருவரைக் கண்டுபிடித்தோம். இரண்டு மணி நேரப் பயணம். மேம்பாலத்தை ஒட்டி ஒரு கொட்டகை, நிழலில் பீப்பாய்கள், எல்லாவற்றிலும் மூடி இறுக்கமாக. மெதுவாகப் பேசுகிற மனிதர். “சும்மா அதிகமா ஊத்தறதால வேகம் வராதும்மா. தட்டாத அளவுக்கு இருந்தாப் போதும். அந்த அளவை உங்க காதுதான் சொல்லணும்.” இருபது லிட்டர் வாங்கிவந்தோம்.

மார்ச் 15, ஞாயிறு

பங்குப் பெட்ரோலோடு பாதிக்குப் பாதி கலந்து அதே ஏற்றம். மூன்று முறை. எதுவுமே கேட்கவில்லை! தங்கை ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். “உன் காதுக்குத் தங்கத்துல தோடு போடணும்க்கா.” எனக்கும் தலைகால் புரியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பந்தயப் பாதையில் முதல் பயிற்சி. அவளுடைய பழைய நேரத்தைவிட மூன்று வினாடி குறைவு. எல்லாரும் கைகொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் சில புள்ளிகள். கரியாக இருக்கும் என்று துடைத்தேன். போகவில்லை. லேபிலிருந்து லென்ஸைக் கொண்டுவந்து பார்த்தேன். பளபளக்கிறது. கரி பளபளக்காது. பிஸ்டனின் அலுமினியம்.

அப்படியென்றால் தட்டியிருக்கிறது. நான் சரி என்று சொன்ன கலவையில், அவளை உள்ளே வைத்துக்கொண்டு.

தங்கையிடம் சொல்லவில்லை. முதலில் காரணம் தெரியட்டும்.

மார்ச் 25, புதன்

லேபுக்கு லீவு போட்டுவிட்டு, மிச்சமிருந்த கலவையோடு முட்டையை ஓட்டிக்கொண்டு பீப்பாய்க்காரரிடம் சண்டைக்குப் போனேன். மூடியைத் திறந்து போட்டிருப்பீர்கள், சத்தெல்லாம் பறந்துபோன பெட்ரோலை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க ஓட்டுங்க, நான் கேக்கறேன்” என்று பக்கத்தில் ஏறிக் காதுமூடியை மாட்டிக்கொண்டார்.

மேம்பாலத்தில் ஏறி மிதித்தேன். பத்து வினாடி ஆகியிருக்காது, கையைத் தூக்கிவிட்டார்.

“நிறுத்துங்கம்மா! பெட்ரோல் மேல தப்பில்ல. உங்க இன்ஜினுக்குப் பாதி பத்தல. சன்னமா ‘டிக் டிக்’னு அடிச்சுக்கிட்டே இருக்கு, உங்களுக்குக் கேக்கலையா?”

காதுமூடியை வாங்கி மாட்டிக்கொண்டு, அவரை ஓட்டச் சொல்லிக் கேட்டேன். இன்ஜின் உறுமல். அவ்வளவுதான்.

“கேக்குதே. அதுக்குத்தானே வந்தேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என்ன பைத்தியக்காரத்தனம் இது?

மார்ச் 26, வியாழன்

வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்து, “வாஷிங் மெஷின் கத்திக்கிட்டே இருக்கு, நீ பாட்டுக்கு நின்னுட்டிருக்கியே” என்றார். நான் அதற்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அவர் போன பிறகு டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து எடுத்தேன். திரையில் எண் நின்றுவிட்டது. காதருகே பிடித்தேன். முடிந்ததும் கேட்க வேண்டிய ‘பீப்’ சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்தால் எண் எப்படி வரும்?

தெர்மாமீட்டரை டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.

மார்ச் 28, சனி

முழுக்க பீப்பாய்ப் பெட்ரோலே ஊற்றலாம் என்றால், சோதனைக்குப் போக அவரிடம் மீதி முப்பது லிட்டர்தான். அடுத்த மாதக் கடைசியில்தான் புதுசு வருமாம். ரேஸுக்கு நாற்பது வேண்டும். முப்பதும் பத்தும் கலந்தால் தாங்குமா? அதைக் காது சொல்ல வேண்டும். எந்தக் காது?

தங்கை வருவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, தீப்பொறியைத் தாமதப்படுத்திவிட்டேன். வேகம் குறையும், ஆனால் தட்டாது. அவள் உயிருக்கு ஆபத்து இல்லை. அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 29, ஞாயிறு

இரண்டாம் பயிற்சி. முதல் பயிற்சியைவிட நான்கு வினாடி அதிகம். தங்கை கேட்டபோது வெயில், டயர் என்று பூசி மெழுகினேன். பிளக்குகளில் புதுப் புள்ளி இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவள்தானே நான்.

ஏப்ரல் 1, புதன்

காது பரிசோதிக்கும் பெண் வரைபடத்தைக் காட்டினாள். கோடு ஒழுங்காக வந்து கடைசியில் கிணற்றுக்குள் விழுகிறது. “கீச்சுச் சத்தமெல்லாம் போயிடுச்சுங்க. எத்தனை வருஷமா பல் அரைக்கிறீங்க? காதுக்கு ஏதாவது மாட்டுவீங்களா?” இருபத்திரண்டு வருஷம். மாட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்ஜினைக் கேட்கக் காதுமூடி போட்டவள், வேலை நாளில் போடவில்லை. போனது திரும்பாதாம்.

ஏப்ரல் 3, வெள்ளி

தங்கை வேலை முடிந்து நேராக வந்தாள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவள், சட்டையெல்லாம் அட்டைப் பெட்டித் தூசி. டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள், தண்ணீர் குடிக்கவில்லை.

“கார் நல்லாத்தான்க்கா இருக்கு. நான்தான் சொதப்பறேன். நீலக் கார் மோதினதுல இருந்து உள்ளுக்குள்ள பயம் வந்துடுச்சு போல. கால் தானா பின்வாங்குது. இந்த ரேஸோட நிறுத்திக்கறேன். நீயும் எத்தனை நாள்தான் எனக்காக உழைப்பே?”

டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். உண்மையைச் சொல்லவே இல்லை! அவ போனப்புறம் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். அவ கால் மேல ஒரு குத்தமும் இல்ல. நான் செஞ்சதுக்கு அவ தன்னையே திட்டிக்கறா. என் காது போனதை மறைக்கறதுக்காக அவளைக் கோழையாக்கிட்டேனே. நான் எல்லாம் ஒரு அக்காவா?

ஏப்ரல் 4, சனி

காலையிலேயே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பிளக், பீப்பாய்க்காரர், டிஸ்ட்ரிபியூட்டர், வரைபடம். ஒன்றுவிடாமல்.

அவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. “உனக்குக் காது கேக்கலைன்னா நான் என்ன உன்னை விட்டுட்டா போயிடுவேன்? பிளக்கைப் பார்த்த அன்னைக்கே சொல்ல வேண்டாமா? அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல போறது நான்க்கா!” கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் நின்றேன். செருப்பைக்கூட மாட்டத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. “அப்போ அந்த நாலு வினாடி... நான் இல்லையா?”

“நீ இல்லடி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தள்ளிப் போகவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஏற்றம். தீப்பொறி பழைய இடத்தில். நான் ஓட்டினேன், காதுமூடி அவளுக்கு. பாதிக்குப் பாதி: கையைத் தூக்கினாள். பீப்பாய்ப் பெட்ரோல் மூன்றில் இரண்டு பங்கு: தூக்கினாள், கொஞ்சம் தாமதமாக. முக்கால் பங்கு: ஏற்றத்தின் உச்சிவரை கை மடியிலேயே இருந்தது. நம்பாமல் ஐந்து முறை ஏறினோம். முப்பது லிட்டர் போதும்.

ஏப்ரல் 11, சனி

நாளை ரேஸ். லேபில் ஒரு மேல்செட்டுக்குக் கீழ்ப்பற்களை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆறாவது இடம். கடைசிச் சுற்றில் அவள் சுவரை ஒட்டி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

இன்ஜின் சூடு தணிந்ததும் நான்கு பிளக்குகளையும் கழற்றி லென்ஸில் பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். சுத்தம். அப்போது முதுகுக்குப் பின்னால் தங்கையின் குரல். ஏதோ சொல்கிறாள், என்ன என்று பிடிபடவில்லை. போன மாதமாக இருந்தால் “ம்ம்” என்று தலையாட்டியிருப்பேன்.

“கேக்கலடி” என்றேன்.

ஹெல்மெட்டோடு சுற்றி வந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். “பசிக்குதுன்னேன்க்கா.”