மக்பாலின் மூன்றாவது உரிமை

ஆகஸ்ட் 9

நான் அப்போதே சொன்னேன். மக்பால் பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "இது கரகந்தா நகரத்துக்குப் போய் இன்ஜினியர் ஆகும்" என்றேன். என் தங்கை ஷோல்பான், பெற்றவள், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். "அன்னைக்கு நீ மூக்கு பெருசுன்னு மட்டும்தான் சொன்னே அண்ணே." அவளுக்கு ஞாபகசக்தி குறைவு.

இன்று பட்டியல் வந்தது. அரசுச் செலவில் இடம். வெப்ப ஆற்றல் பொறியியல்! பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்கு இருபது வருடமாக நிலக்கரி போடுகிறவனின் மருமகள் வேறு எதைப் படிப்பாள்?

எங்கள் வழக்கப்படி மருமகளுக்கு மூன்று உரிமை: மூன்று முறை எது கேட்டாலும் தாய்மாமன் மறுக்கக் கூடாது. ஏழு வயதில் புள்ளிக் குதிரைக்குட்டி கேட்டாள். இந்த ஜூனில், "அப்பாகிட்ட நீங்கதான் பேசணும் மாமா" என்றாள். அவள் அப்பா எர்மெக்குக்குப் பக்கத்து ஊர் ஆசிரியர் பயிற்சிதான் பிடித்தம். மூன்று மணி நேரம் பேசினேன். நானே கரகந்தாவில் இரண்டு வருடம் பொறியியல் படித்தவன், எங்கள் அப்பா படுக்கையில் விழாவிட்டால் இன்று எங்கேயோ இருந்திருப்பேன் என்றேன். எர்மெக் கண் கலங்கிவிட்டான்.

மிச்சம் ஒன்று. என்ன கேட்பாளோ.

ஆகஸ்ட் 29

கரகந்தா ரயில் இங்கே நாலு நிமிடம்தான் நிற்கும். ஏரி மீன் புகையில் வாட்டியது ஆறு, பை நிறைய எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி – எல்லாம் ஏற்றினேன். "மாமா, பெட்டி முழுக்க மீன் நாத்தம். பொண்ணுங்க என்னை ரூமுக்குள்ள விடமாட்டாங்க" என்றாள். "மீன் சாப்பிட்டவன்தான் கணக்குல தேறுவான். நான் தேறலையா?" என்றேன்.

ஏதாவது கேட்பாள் என்று ஜன்னலோடு கொஞ்ச தூரம் ஓடினேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 6

கரகந்தா ரயில் வந்தது. போனது. நான் சும்மா அந்தப் பக்கம் போயிருந்தேன்.

செப்டம்பர் 21

போன் செய்தாள். "நீங்க எந்த விடுதியில இருந்தீங்க மாமா? போய்ப் பார்க்கிறேன்."

"அதை எப்பவோ இடிச்சிட்டாங்கம்மா."

அக்டோபர் 14

கொதிகலனைப் பற்றவைத்தாயிற்று. கொதிகலன் அறைக் கதவின் உள்பக்கம் மக்பால் சாக்குக்கட்டியில் எழுதிய எண்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் காலை பத்திலிருந்து மணிக்கு ஒரு தடவை ஓடிவந்து சூட்டைக் குறித்துக்கொண்டு, "நீங்க பாதிக் கரியை வானத்துக்குத்தான் அனுப்புறீங்க மாமா" என்று காட்டினாள். அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்று கதவைத் துடைக்கத் துணி எடுத்தேன். துடைக்கவில்லை. மணி பத்தானதும் வாசலைப் பார்க்கிறேன். எதற்கு?

நவம்பர் 30

ஷோல்பான் அழுதுகொண்டு வந்தாள். மக்பால் இரண்டு தேர்வில் தவறிவிட்டாளாம். வரைபட வகுப்பில் எல்லோரும் கணினியில் போடுகிறார்களாம், இவள் அங்கேதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறாளாம். சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்கிறாளாம்.

எர்மெக் என்னைப் பார்த்து, "உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க மச்சான், என்னைச் சொல்லணும்" என்றான்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். வந்துவிடுவாள் என்று கேட்டதும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷம். கதவு, சாக்குக்கட்டி, பத்து மணி... சே. நான் என்ன மனுஷன்?

டிசம்பர் 2

மக்பால் பேசினாள். என் மூன்றாவது உரிமையைக் கேட்கிறேன் மாமா, உண்மையைச் சொல்லுங்கள், முதல் குளிர்காலத்தை எப்படிக் கடந்தீர்கள் என்றாள். உரிமையாகக் கேட்டபின் நான் எப்படி மறுப்பேன்? சொன்னேன்.

"கடக்கலைம்மா. ஒன்பது நாள்தான் இருந்தேன். கரும்பலகையில என்ன எழுதுறாங்கன்னே புரியல. கேட்க வெட்கம். பத்தாம் நாள் ரயிலேறிட்டேன். உன் தாத்தா படுக்கையில எல்லாம் விழல, அன்னைக்குக் குதிரைச் சந்தையில சத்தமா பேரம் பேசிக்கிட்டிருந்தாரு. முப்பது வருஷமா கரகந்தா ரயில் போறப்ப எல்லாம் அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னைக்கோட வகுப்பு தொடங்கி தொண்ணூத்திமூணு நாள் ஆச்சு. உங்களைவிட எண்பத்திநாலு நாள் ஜாஸ்தி."

அழும்போதும் கணக்கு!

"அப்ப அந்த விடுதியை இடிக்கலையா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அதன்பின் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 19

ஒன்றுமில்லை. பனி.

ஜனவரி 25

தேறிவிட்டாள்! தவறிய இரண்டையும் திரும்ப எழுதி, எல்லாவற்றிலும். ரொட்டிக் கடையில் சொன்னேன், தபால்காரியிடம் சொன்னேன், ரயிலில் இருந்து இறங்கிய யாரோ ஒருவரிடமும் சொன்னேன்.

விடுமுறைக்கு வரவில்லை. நகர அனல்மின் நிலையத்தில் பதினைந்து நாள் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்களாம், இவளும் கை தூக்கினாளாம். "அங்க ஒரு கொதிகலன் நம்ம பள்ளிக்கூடத்தைவிட உசரம் மாமா. நீங்க பார்க்கணுமே!" இனி ஜூனில்தான் வருவாள்.

அங்கேயே இருக்கட்டும். இருக்கட்டும்தான். ஆனாலும் இன்றும் ரயிலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 2 பக்கத்தை இப்போது திருப்பிப் படித்தேன். அதில் ஒரு வரி என் கைச்சரக்கு. மக்பால் அன்று உரிமை என்று என்னிடம் எதையுமே கேட்கவில்லை. அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தாள். ஷோல்பானின் கையிலிருந்து போனைப் பிடுங்கி நானாகத்தான் கொட்டினேன். கேட்டாள், மறுக்க முடியவில்லை என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

ஆக, மூன்றாவது உரிமை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.